முன் வைத்த காலா, ஆழம் தெரியாத காலா?

கேள்வி: ஐயா, எனக்கு 23 வயது. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். உயர்தரப் பரீட்சை எழுதினேன், கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், கிடைக்கவில்லை. கொழும்பில் ஒரு கடையில் இரண்டு வருடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன், இப்போது கிடைக்கிற வேலையைச் செய்கிறேன். நல்ல வாசகம் என்றால் எனக்கு உயிர். டயரியில் 312 பொன்மொழி எழுதி வைத்திருக்கிறேன், தினமும் காலையில் ஒன்றை ஸ்டேட்டஸில் போடுவேன். பங்குனியில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான பீலியில், அதாவது தண்ணீர்க் குழாயில், தண்ணீர் நின்றுபோனது. மூன்று நாள் எல்லாரும் "தோட்டத்தில் பார்ப்பார்கள்" என்று சும்மா இருந்தார்கள். அன்றைக்கு நான் போட்டிருந்த ஸ்டேட்டஸ் "முன் வைத்த காலைப் பின் வைக்காதே". சொந்தமாக யோசித்து, மேலே ஏறிப்போய், ஊற்றிலிருந்து வருகிற பைப் மேட்டில் ஏறி இறங்குகிற இடத்தில் அதை வெட்டினேன். புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் வந்தது. ஆனால் திரும்பப் பொருத்த முடியவில்லை. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன், ஒழுகிக்கொண்டே இருந்தது, கீழ் லயத்துக்கு இரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. பெரிய சண்டை. தோட்டத் தலைவர் எல்லார் முன்னாலும் "யாரைக் கேட்டு வெட்டின?" என்றார். வீட்டுக்கு வந்தால் அப்பா, "ஆழம் தெரியாமல் காலை விடாதேன்னு ஒண்ணு இருக்கே, அது உன் டயரியில இருக்கான்னு பாரு" என்றார். பார்த்தேன், இருக்கிறது, 47ஆவது. இரண்டில் எது சரி? நான் சொந்தப் புத்தியில் செய்தேனா, போனில் வாசித்ததைச் செய்தேனா? இப்போது ஸ்டேட்டஸ் போடுவதையும் விட்டுவிட்டேன்.

பதில்: தம்பி, முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவ்வளவு கோபத்திலும் மகனுடைய டயரியிலிருந்தே ஒரு வரியை எடுத்து மகனுக்கே திருப்பிக் கொடுக்கிறவர் சாதாரண ஆள் இல்லை.

நான் ஹட்டனில் தொழில் வழிகாட்டல் ஆலோசகராக 22 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். "என்ன கோர்ஸ் செய்யலாம், வெளிநாடு போகலாமா, ஏஜென்சிக்காரர் காசு கேட்கிறார் கொடுக்கலாமா" என்று தான் பெரும்பாலும் கடிதம் வரும். இப்படி ஒரு பைப்பையும் இரண்டு பழமொழியையும் தூக்கிக்கொண்டு யாரும் வந்ததில்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தில் ஒரே வரியில் நீங்கள் தாண்டிப் போன ஓர் இடம் இருக்கிறது. மேட்டில் ஏறி இறங்குகிற இடத்தை ஏன் வெட்டினீர்கள்? ஊற்றடியில் வெட்டவில்லை, லயத்துக்குப் பக்கத்தில் வெட்டவில்லை, அவ்வளவு தூரம் நடந்துபோய்ச் சரியாக அந்த முதுகைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். 312 பொன்மொழியில் எதிலும் "மேட்டைப் பார்" என்று எழுதியிருக்காது. உங்களை எழுப்பிவிட்டது வேண்டுமானால் அந்த ஸ்டேட்டஸாக இருக்கலாம், கத்தி வைத்த இடம் உங்கள் சொந்தப் புத்தி. அதைப் பற்றி உங்களுக்கே பெருமை இல்லாதது தான் எனக்கு ஆச்சரியம், பொன்மொழிக்கு 312 என்று கணக்குச் சொன்ன ஆள், பைப் எத்தனை மேடு ஏறி வருகிறது என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே.

சரி, அந்த மேட்டுக்கே வருவோம். பங்குனியில் தான் நின்றது, ஐப்பசியில் நிற்கவில்லை, ஏன்? உங்கள் பக்கம் தை பிறந்தால் மழை குறைந்துவிடும், பங்குனிக்குள் ஊற்று நன்றாக இறங்கியிருக்கும், பைப்பின் வாய் பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாகக் கிடந்து தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். உள்ளே போன காற்று பள்ளத்தில் தங்காது, மேட்டு முதுகில் போய்க் குந்திக்கொள்ளும். பின்னாலிருந்து வருகிற தண்ணீருக்கு அதைத் தள்ளிவிடப் பலம் போதாவிட்டால் அவ்வளவு தான், பைப் நிறையத் தண்ணீர் இருந்தும் பீலியில் ஒரு சொட்டு விழாது. நீங்கள் வெட்டியதும் புஸ்ஸென்று போனது அந்தக் காற்று. ஆக, நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். வைத்தியம் தான் முரட்டு வைத்தியம். மேட்டு உச்சியில் பைப்புக்கு நடுவே ஒரு 'டி' இணைப்பைப் போட்டு, மேலே பார்க்கிற வாயில் சின்ன வால்வு ஒன்றை வைத்திருந்தால், காற்று அடைக்கிற நேரம் திறந்து விட்டு மூடிக்கொள்ளலாம். ஊற்றில் நாலு கல்லை அடுக்கி, களிமண்ணை வைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் தேக்கி, பைப்பின் வாய் எப்போதும் முங்கியே கிடக்கும்படி செய்தால் காற்று போவதே பெரும்பாலும் நின்றுவிடும். வாயில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மாட்டினால் இலை, சருகு அடைக்காது. இதெல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவு இல்லை.

உங்கள் தோட்டத்தில் இது யாருக்காவது தெரிந்திருக்கும், நான் பந்தயம் கட்டுவேன். அந்தப் பைப்பை முதன்முதலில் இழுத்த பெரியவர் ஒருவர் எங்காவது வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார். நீங்கள் அவரிடம் போகவில்லை. கடிதத்தில் பிழை என்று எனக்குப் பட்டது இது ஒன்று தான். சொந்தமாக யோசிப்பது என்றால் தனியாக யோசிப்பது என்று நினைத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. யாரைக் கேட்டாலும் கடைசியில் முடிவு உங்கள் கையில் தான் இருக்கப்போகிறது, கேட்பதால் புத்தி ஒன்றும் கடனாகிவிடாது.

இப்போது பழமொழிச் சண்டை. எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் டயரியை இன்னும் புரட்டினால் இப்படி இன்னும் எத்தனையோ சோடி அகப்படும். "காற்றுள்ள போதே தூற்றிக்கொள்" என்று இருக்கும், நாலு பக்கம் தள்ளி "பதறாத காரியம் சிதறாது" என்று இருக்கும். "ஊரோடு ஒத்து வாழ்" என்று இருக்கும், "ஊர் வாயை மூட உலைமூடி இல்லை" என்று இருக்கும், அதாவது ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது என்றும் ஒரு அர்த்தம். நம்முடைய கிழவிகள் இதையெல்லாம் சட்டப் புத்தகம் மாதிரி உட்கார்ந்து எழுதவில்லை தம்பி. ஏதோ ஒன்று நடந்த பிறகு, ஒரு குறிப்பிட்ட ஆளின் முகத்தைப் பார்த்து, அவனுக்கு அந்த நேரத்தில் எது தேவையோ அதைச் சொன்னார்கள். பயந்து நிற்கிறவனிடம் முன் வைத்த காலைப் பற்றிச் சொல்ல வேண்டும், துள்ளிக்கொண்டு நிற்கிறவனிடம் ஆழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். போன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, பயந்தவனுக்கும் துள்ளுகிறவனுக்கும் ஒரே வரியைத் தான் காட்டும். அதனால் உங்களுக்கு என் பதில்: இரண்டும் சரி, ஆளும் நேரமும் தான் வேறு. அன்று காலையில் நீங்கள் பயந்தவரா துள்ளியவரா என்பதை நான் ஹட்டனிலிருந்து சொல்ல முடியாது, உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேட்டஸில் வருகிற வாசகங்களில் பாதிக்கு மேல் அப்துல் கலாம் படமோ விவேகானந்தர் படமோ போட்டு வருகிறது. அவர்கள் சொன்னது தானா என்று யாரும் பார்ப்பதில்லை. யாரோ ஒருவர் தன் சொந்த வரியை எழுதி, அது தனியாக நிற்காது என்று பயந்து, பெரிய ஆள் படத்தின் மடியில் உட்கார வைத்திருக்கிறார். "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு" என்று வள்ளுவர் சொன்னதை நாம் எல்லாரும் ஐந்தாம் வகுப்பிலிருந்து பாடமாக்கியிருக்கிறோம். யார் வாய் என்றால் கலாம் வாயும் அதில் சேர்த்தி, வள்ளுவர் வாயும் சேர்த்தி, இந்தப் பதிலை எழுதுகிற என் வாயும் சேர்த்தி.

நம் ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. "தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும்" என்று சொல்லித்தான் நம் முன்னோரை இந்தியாவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று உங்கள் பாட்டியும் சொல்லியிருப்பார், மாசி என்றால் காய்ந்த மீன். (ஒரு இடைச்செருகல்: முதலில் வந்தவர்கள் வந்தது கோப்பித் தோட்டங்களுக்கு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல் தான். ஆக அந்த வசனம் தேயிலைக் காலத்தில் பிறந்ததாக இருக்க வேண்டும், கோப்பிக் காலத்தில் வேறு என்ன சொல்லி ஏமாற்றினார்களோ.) எவ்வளவு அழகான வாசகம் பாருங்கள், மோனை எல்லாம் இருக்கிறது, தேயிலை, தேங்காய், தூர், தோண்டு. இன்றைக்கு என்றால் சூரிய உதயப் படம் போட்டு ஸ்டேட்டஸில் வந்திருக்கும். வந்து தோண்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம், அதற்குக் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும். அந்த வரலாறு உள்ள வீட்டுப் பிள்ளை ஒரு வாசகம் அழகாக இருக்கிறது என்பதற்காக அதன் பின்னால் போகலாமா?

அதற்காக வார்த்தையே வீண் என்றும் சொல்லமாட்டேன். இதே மலையில் மீனாட்சி அம்மாள் தொழிற்சங்க மேடைகளில் பாட்டுப் பாடினார், தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்குப் பேச்சை விட, நோட்டீசை விட, பாட்டு சீக்கிரம் போய்ச் சேரும் என்று கண்டுபிடித்தார். வெளி ஆட்கள் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில் நடேசய்யர் துணி வியாபாரி மாதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் போனதாகச் சொல்வார்கள். புத்தி என்றால் அது. வார்த்தை அங்கே ஒரு வேலையைச் செய்தது.

உங்கள் மஸ்கெலியாவோடு சம்பந்தப்பட்ட ஒரு இன்ஜினியரைப் பற்றியும் சொல்ல வேண்டும், டி. ஜே. விமலசுரேந்திர. தெமோதரை ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறீர்களா? பதுளைக்குப் போகிற ரயில் ஸ்டேஷனில் நின்றுவிட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் போகும். ரயில் அவ்வளவு செங்குத்தாக இறங்க முடியாது, அதனால் இந்த வளையம். பாதை பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல். விமலசுரேந்திர இறக்கத்துக்கு வழி தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தாராம், பக்கத்தில் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டினாராம், அதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். கதை தான், நடந்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாகம் வளையம் இல்லை. மண்டை சூடாகி நிற்கிற ஒரு இன்ஜினியர், பக்கத்தில் நிற்கிற கங்காணியின் தலையைக் கவனித்துப் பார்த்தார் என்பது. (கங்காணி பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் கதைகளில் எப்போதும் தலைப்பாகை மட்டும் தான் மிஞ்சும்.)

நடந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கதை இன்னொன்று, அது உங்கள் மஸ்கெலியா ஓயாவைப் பற்றியது. அந்த ஆற்றிலும் களனியின் மேல் பக்கத்து ஓடைகளிலும் விழுகிற தண்ணீரில் நாட்டுக்கே கரண்ட் எடுக்கலாம் என்று அவர் 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். அதற்கும் முன்னால், 1912இல், நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிளக்பூலில் சின்னதாக ஒரு நீர்மின் நிலையம் அமைத்துக் காட்டியிருந்தார். அதாவது வாயால் சொல்வதற்கு முன் கையால் ஒன்றைச் செய்து பார்த்த ஆள். வெள்ளைக்கார அதிகாரிகள் கணக்கெடுக்கவில்லை. 1931இல் அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்கே உறுப்பினராகப் போய் அங்கேயும் இதையே பேசினார். லக்சபானை நீர்மின் நிலையத்தில் கரண்ட் வந்தது 1950இல், அப்போது அவருக்கு 76 வயது, மூன்று வருடத்தில் காலமாகிவிட்டார். கட்டுரையிலிருந்து கரண்டுக்கு 32 வருடம். நீங்கள் ஒரு பைப்பை வெட்டி, ஒரு ஏச்சு வாங்கி, மூன்று மாதத்தில் டயரியை மூடிவிட்டீர்கள்! (அந்தக் கரண்ட் நம் லயங்களுக்கு வர இன்னும் எத்தனை காலம் ஆனது என்பது வேறு கதை, அதைத் தொடங்கினால் எனக்குக் கோபம் வரும்.)

என் அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தவர். வாடின கொழுந்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரிப்பார். பந்து மாதிரி நின்று மெல்ல விரிந்தால் பதம், உடனே சிலிர்த்துக்கொண்டு எழும்பினால் இன்னும் வாட வேண்டும். எப்படி அப்பா தெரியும் என்று கேட்டால், "புடிச்சுப் பாரு, தெரியும்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் வராது. எனக்கு வீட்டில் கிடைத்த ஒரே பொன்மொழி அது தான், எந்தச் சட்டத்துக்குள்ளும் போட்டு மாட்டவில்லை. ஆனால் ஒரு குறையும் இருக்கிறது: அவர் அந்தப் பதத்தை யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, எழுதியும் வைக்கவில்லை. ஓய்வு எடுத்த பிறகு ஸ்டோரிலிருந்து இரண்டு தரம் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனது. மூன்றாம் தரம் வரும்போது அவர் இல்லை.

சரி, இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் கீழ் லயத்துக்குப் போங்கள். யோசித்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, சொல்லாமல் தண்ணீரை நிறுத்தியதற்குக் கேளுங்கள். குடம் தூக்கினது அக்காமாரும் அம்மாமாரும் தான், அவர்களிடம் கேளுங்கள், ஆம்பிளைகளிடம் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அப்புறம் அந்தப் பைப் இழுத்த பெரியவரைத் தேடிப் பிடித்து அவரோடு ஊற்று வரைக்கும் ஒரு தரம் நடங்கள். அவரால் ஏற முடியாவிட்டால் வாசலில் உட்கார்ந்து ஒரு சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் வரையுங்கள்: ஊற்று எங்கே, பைப் எத்தனை மேடு ஏறுகிறது, எந்த மேட்டில் அடைக்கிறது, எங்கே இணைப்பு, மேல் லயத்துக்கு எங்கே பிரிகிறது, கீழ் லயத்துக்கு எங்கே பிரிகிறது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போங்கள். ஆமாம், உங்களை ஏசின அதே தலைவரிடம். "யாரைக் கேட்டு வெட்டின" என்று அவர் கேட்டது அவமானமாக இருந்திருக்கும், எல்லார் முன்னாலும் கேட்டது சரியும் இல்லை, ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. தண்ணீர் நின்றால் துரை முன்னால் போய் நிற்க வேண்டியது அவர் தானே. வெறும் கையோடு போய் "பைப் சரியில்லை" என்று அவர் சொல்வதற்கும், ஒரு படத்தை விரித்து "இந்த இரண்டு மேட்டுக்கும் இரண்டு வால்வு வேண்டும்" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு உடனே விளங்கும். விளங்காவிட்டால் இன்னொரு தரம் போங்கள்.

டயரியைத் தூக்கிப் போடாதீர்கள். 313ஆவதைத் தேடி அலைவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி, இருக்கிற 312க்குக் கீழே எழுதத் தொடங்குங்கள். இந்த வரி எனக்கு எந்த நாளில் உதவியது, எந்த நாளில் காலை வாரிவிட்டது. ஒன்றுமே எழுத முடியாத வரிகள் நிறைய இருக்கும், அவற்றின் மேல் ஒரு கோடு போட்டுவிடுங்கள், யார் படம் போட்டிருந்தாலும் சரி. 47க்குக் கீழே எழுத ஏற்கெனவே விஷயம் இருக்கிறது. ஸ்டேட்டஸ் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம், அதில் எனக்குக் கருத்து இல்லை.

டயரியின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கும் ஆரம்பியுங்கள், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. என்ன வேலை செய்தீர்கள், எந்தத் தேதி, யாருக்கு, என்ன சாமான் போட்டீர்கள், போனில் முன்னும் பின்னும் ஒரு படம். ஏன் என்றால், நம் நாட்டில் என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமை இருக்கிறது, 1ஆம் மட்டத்திலிருந்து 7 வரை. அதை வாங்கக் கட்டாயம் வகுப்பில் உட்கார வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேலை செய்தே தொழில் பழகியவர்களும் வாங்கலாம், ஏற்கெனவே கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கிற வழி ஒன்று உண்டு. தொழிற்பயிற்சி கொடுக்கிற அரசாங்க நிறுவனங்களான நைட்டாவிலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ விசாரியுங்கள். வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டச் சொல்வார்கள். பிளம்பர் வேலை உங்களுக்கு இப்போதே நன்றாகத் தெரியும் என்று நான் சொல்லவில்லை, சைக்கிள் டியூப் சுற்றினது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் காற்று எங்கே குந்தியிருக்கிறது என்று படிக்காமலே கண்டுபிடித்த ஆளுக்குப் பொருத்துகிற வித்தையைப் படிப்பது பெரிய காரியம் இல்லை. ஒரு நல்ல பிளம்பர் பாஸிடம் ஆறு மாதம் கையாளாக நின்றாலும் வந்துவிடும். கொழும்புக் கடையில் நின்ற இரண்டு வருடத்தை விட அது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், சம்பளம் முதலில் குறைவாகத்தான் இருக்கும், அதையும் வீட்டில் சொல்லிவிட்டே போங்கள்.

பெரியவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். எத்தனை மேடு என்றும் எழுதுங்கள், இரண்டா மூன்றா என்று எனக்கு இப்போது தூக்கம் வராது. ஊற்றுக்குப் போகும்போது உப்பும் ஒரு துண்டுச் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு போங்கள், இந்த மழைக்கு அட்டை விடாது.